பன்னிரண்டுக்கு மேல் பறந்தவை

அருள்புரம்
27 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். என் பெயர் மைதிலி. உங்கள் பள்ளி ஆராய்ச்சித் தரவுத்தளத்தில் அருள்-7-23 என்ற எண்ணில் கணக்கு வைத்திருக்கும் ஏழாம் வகுப்பு மாணவி வர்ணிகாவின் அம்மா. "ஐயத்திற்குரிய பதிவுகள் காரணமாகக் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. பெற்றோர் கைப்பட எழுதித் தபாலில் விளக்கம் அனுப்பவும்" என்று உங்கள் அறிவிப்பு 17ஆம் தேதியே வந்துவிட்டது. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் ஷிப்மென்ட் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீபாவளி போய் ஒரு வாரம் ஆனபின் அதையும் சொல்ல முடியவில்லை. இது ஐந்தாவது தாள். முதல் நான்கையும் கிழித்துவிட்டேன்.

என் மகள் பொய் சொல்கிறவள் இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் ஜெயபாரதி டீச்சர், அவர்களுடைய அறிவியல் டீச்சர், வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்கும் கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். அன்று மாலை இவள் வந்து, "அம்மா, எனக்கு ஒரு நம்பர் இருக்குது. மெட்ராஸ்ல என்னை அந்த நம்பர்லதான் தெரியும்" என்றாள். ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியில், பைக்குள், சைக்கிள் மட்கார்டில் எல்லாம் எழுதி வைத்தாள். அக்டோபரில் பட்டாம்பூச்சி எண்ணும் பத்து நாளும் காலை எட்டு இருபதுக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றாள். எண்ணியது அவள்தான். அதற்கு நான் சாட்சி.

இப்போது வகுப்பில் அவள் ஒருத்தியின் கணக்கு மட்டும் பூட்டியிருக்கிறது. பிள்ளைகள் அவளை "ரிஜெக்ட் பீஸ்" என்று கூப்பிடுகிறார்களாம். பனியன் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட மோசமான வார்த்தை கிடையாது, மேடம். "நான் பொய் சொல்றேன்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சும்மா" என்றாள் நேற்று. தட்டில் பாதி தோசை அப்படியே இருந்தது.

எந்தப் பதிவில் என்ன ஐயம் என்று அறிவிப்பில் எழுதவில்லை. எழுதாமல் ஒரு பிள்ளையைப் பூட்டி வைப்பது சரிதானுங்களா? கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். தயவுசெய்து கணக்கைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மைதிலி சரவணக்குமார்


சென்னை
31 அக்டோபர் 2025

மைதிலி அவர்களுக்கு,

அறிவிப்பை அனுப்பியவள் நான்தான். நாகஜோதி என்று பெயர். நூற்றுப் பதினாறு பள்ளிகளிலிருந்து வரும் பதிவுகளை நானும் மாதவன் என்கிற பையனும் சரிபார்க்கிறோம். பையன் என்றால் முப்பத்தோரு வயது. அவன் கல்யாணத்துக்கு அவன் அம்மா பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பட்டாம்பூச்சி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோபத்துக்கு மன்னிப்பு வேண்டாம். காரணம் சொல்லாமல் பூட்டியது தப்புதான். காரணத்தை அறிவிப்பில் போட்டால் அதற்கேற்ற பதிலாக மட்டும்தான் வரும் என்று இப்படி வைத்திருக்கிறோம். தபாலில் கேட்பதும் அதற்காகத்தான். மின்னஞ்சலில் எல்லாரும் ஒரே மாதிரி "தவறுக்கு வருந்துகிறோம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். தாள் எடுத்தால் மனுசர் பேசுகிறார். நீங்கள் பேசியிருக்கிறீர்கள், நான்கு தாளைக் கிழித்தது உட்பட.

இப்போது காரணம். அருள்-7-23 கணக்கில் பத்து நாளும் பதிவான எண்ணிக்கை இது: 11, 10, 12, 12, 11, 12, 12, 11, 12, 11.

பட்டாம்பூச்சி இவ்வளவு ஒழுக்கமாகப் பறக்காது, மைதிலி. ஒரு நாள் மூன்று வரும், மறுநாள் எழுபது வரும். எங்களிடம் இருக்கிற எந்தப் பள்ளியிலும் பத்து நாள் தொடர்ந்து இப்படி வந்ததில்லை. பார்த்தவுடன் மாதவன், "அக்கா, இது பூச்சிக் கணக்கு இல்ல, சட்டை அளவு" என்றான்.

இன்னொன்று. ஒவ்வொரு பதிவும் எந்த நேரத்தில் ஏறியது என்று எங்களுக்குத் தெரியும். எல்லாமே காலை பதினொன்று பத்துக்கும் பதினொன்று இருபதுக்கும் நடுவில். பள்ளி நாட்களில் அந்த நேரத்தில் உங்கள் மகள் வகுப்பில் இருந்திருப்பாள்.

உங்கள் மகள் பொய் சொல்கிறவள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே நம்புகிறேன். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எண்ணியது அவள். பதித்தது யார்?

நாகஜோதி


அருள்புரம்
3 நவம்பர் 2025

நாகஜோதி மேடம்,

நான்தான்.

இதை எழுதியாயிற்று. இனி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன், வேலை பனியனில் கிடைத்தது. வர்ணிகா மாடியிலிருந்து இறங்கி ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுப்பாள். பதினொரு மணி டீ டைமில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் கணக்கைத் திறந்து நான் ஏற்றுவேன். வீட்டில் இருக்கிற ஒரு போனும் அவள் அப்பாவோடு கட்டிங் செக்‌ஷனுக்குப் போய்விடும். அதனால் இந்த ஏற்பாடு.

முதல் நாள் பதினொன்று. அப்படியே போட்டேன். இரண்டாம் நாள் ஒன்பது. பதினொன்றுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று பத்து போட்டேன். அந்த நிமிடம் என் கை என்ன செய்கிறது என்று எனக்கே உறைக்கவில்லை. எங்கள் வேலை அப்படி, மேடம். மெஷர்மென்ட் சார்ட்டில் மார்பு அளவு ஐம்பத்திரண்டு என்று இருக்கும். ஒரு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். அதைத் தாண்டி ஒரு பீஸ் வந்தால், சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து பார்ப்பதற்குள் மறுபடி அளப்போம். துணியைக் கொஞ்சம் தளர விட்டோ, லேசாக இழுத்தோ பிடித்தால் அளவுக்குள் வந்துவிடும். யாரையும் ஏமாற்றுகிற எண்ணம் கிடையாது. பீஸ் திரும்பி வரக்கூடாது, அவ்வளவுதான். பதினோரு வருசமாக இந்தக் கை அதைத்தான் செய்கிறது.

மூன்றாம் நாள் பன்னிரண்டு. சரியாக இருந்தது. நான்காம் நாள் சீட்டில் நாற்பத்தேழு. அடுத்த நாள் நூற்று அறுபத்து மூன்று. சனிக்கிழமை முந்நூற்று எண்பத்தெட்டு. என்னமோ விளையாடுகிறாள், ஒன்றையே நாலு தடவை எண்ணியிருப்பாள் என்று நினைத்தேன். இந்த சாயப்பட்டறை ஊரில் முந்நூறு பட்டாம்பூச்சி எங்கே இருந்து வரும்? இப்படி ஒரு எண் மெட்ராசுக்குப் போனால் அங்கே படித்தவர்கள் சிரிப்பார்கள், டீச்சர் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் கேட்பார், பிள்ளை கூசிப்போவாள் என்று பயந்தேன். பன்னிரண்டு, பதினொன்று என்றே போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி இருந்தது. அன்று நானூற்றுப் பன்னிரண்டு. அதற்கும் பன்னிரண்டு.

சிரிக்கக்கூடாது என்று செய்தேன். இப்போது அவளை ரிஜெக்ட் பீஸ் என்கிறார்கள்.

அவளுக்கு இது தெரியாது. எண்ணிக்கை அதிகமாக இருந்ததால்தான் நீங்கள் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பூட்டியது நான்தான் என்று எந்த வாயால் சொல்ல?

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். எண்கள் எனக்கு நினைவிருக்கின்றன. கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். நீங்களே உள்ளே போய் மாற்றிவிட்டுக் கணக்கைத் திறந்துவிட முடியுமா? அவளுக்குத் தெரியவே வேண்டாம். சீட்டுகள் இல்லை. ஏற்றியவுடன் குப்பையில் போட்டுவிட்டேன்.

11, 9, 12, 47, 163, 388, 412, 205, 18, 14.

மைதிலி


சென்னை
6 நவம்பர் 2025

மைதிலிக்கு,

உங்கள் கடைசி வரியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று மாதவனைக் கேட்டால் சொல்வான். அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்து என் தோளுக்கு மேலே நின்று வாசித்துவிட்டு, "அக்கா, வந்துருச்சு" என்றான்.

என்ன வந்தது என்று சொல்கிறேன். மழைக்கு முன்னால் கிழக்கு மலைகளிலிருந்து மேற்கு மலைகளுக்குப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் போகும். கறுப்பில் நீலப்புள்ளி போட்டவைதான் அதிகம். எந்த வழியாகப் போகின்றன என்று பிடிக்கத்தான் பள்ளிப் பிள்ளைகளை ஊர் ஊராக எண்ண வைக்கிறோம். இந்த அக்டோபர் பத்தாம் தேதி காங்கேயத்தில் ஒரு பிள்ளை முந்நூற்று அறுபது எண்ணியிருக்கிறாள். பன்னிரண்டாம் தேதி மதியம் சோமனூரில் நானூறுக்கு மேல். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் திருப்பூருக்குத் தெற்கே, உங்கள் தலைக்கு மேலேதான் போயிருக்க வேண்டும். அருள்புரத்தைத் திறந்து பார்த்தால் பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று. மற்றதெல்லாம் லாரி பிடித்துப் போனதா என்று இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் ஊரில் இந்த முறை எண்ணியது வர்ணிகா ஒருத்திதான். மற்ற பிள்ளைகளுக்கு எறும்பும் மரமும் கொடுத்திருந்தார் டீச்சர். ஆக, அந்த வழியை முழுசாகப் பார்த்தது அந்த ஒரு மொட்டை மாடிதான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எல்லாக் கணக்குக்குமான திறவுகோல் என்னிடம் இருக்கிறது. திறக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் மாட்டேன். நீங்கள் அவள் எண்ணை அவளுக்குத் தெரியாமல் மாற்றினீர்கள். இப்போது நானும் அவளுக்குத் தெரியாமல் மாற்றினால் அது இரண்டாவது தடவை. மேலும், நினைவிலிருந்து எழுதிய எண்ணை நான் ஏற்க முடியாது. எண்ணிய அன்று, எண்ணியவர் கையால் உண்டான ஏதாவது ஒன்று வேண்டும்.

வழி ஒன்றுதான். திருத்தப் படிவம் இணைத்திருக்கிறேன். கணக்குக்கு உரியவர்தான் நிரப்ப வேண்டும். கடைசிப் பத்தியில் "முன்பு தவறாகப் பதித்தவர் யார், காரணம் என்ன" என்று இருக்கும். அதையும் அவள்தான் எழுத வேண்டும். நவம்பர் 20க்குள் அசல் குறிப்போடு வரவில்லையென்றால் இந்தப் பருவத்துப் பத்து நாளும் நீக்கப்படும். நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர என்னாலும் ஆகாது.

கடுமையாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் வேதியியல்தான், ஆண்டிபட்டிக்காரி. செய்முறைத் தேர்வில் உப்புக் கரைசல் அளந்தபோது எனக்குப் பதினாலு புள்ளி இரண்டு மில்லி வந்தது. பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளி, "ஒனக்கு எம்புட்டுடி?" என்றேன். பன்னிரண்டு புள்ளி ஆறு என்றாள். நானும் அதையே எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். என் உப்பு வேறு உப்பு, எனக்கு வேறு எண்தான் வந்திருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு யாராவது என்னைப் பூட்டி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொல்லிவிடுங்கள், மைதிலி.

நாகஜோதி


அருள்புரம்
12 நவம்பர் 2025

நாகஜோதி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. படித்ததும் உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தபால்காரர் வாங்க மாட்டார். உங்களுக்கு என்ன, அங்கே உட்கார்ந்து படிவம் அனுப்பிவிட்டீர்கள், அவள் முகத்தைப் பார்க்கப் போவது நான் அல்லவா என்று அடுப்படியில் நின்று உங்களோடு சண்டை போட்டேன். எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்புள்ள, யாரத் திட்டற?" என்றார். படிவத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "அவகிட்டச் சொல்றதுக்கு எனக்கே பயமா இருக்குது. நீ சொல்லு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட மாடிக்குப் போனோம். அக்டோபருக்குப் பிறகு அன்றுதான் அவள் மாடி ஏறினாள்.

"வர்ணி, உன்ற கணக்கப் பூட்டுனது உன்னால இல்ல" என்றேன்.

"தெரியும். கம்ப்யூட்டரு நம்புல."

"கம்ப்யூட்டரு இல்ல கண்ணு. நாந்தான் நம்புல."

எல்லாவற்றையும் சொன்னேன். டீ டைம், பதினொன்று, பன்னிரண்டு, எல்லாம். அவள் கிளிப் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, துணியே இல்லாத கொடியில் கிளிப்பாக மாட்டிக்கொண்டே போனாள். கடைசிக் கிளிப் வரைக்கும் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"முன்னூத்தி எம்பத்தெட்டுக்கு என்ன போட்ட?"

"பன்னெண்டு."

"நானூத்திப் பன்னெண்டுக்கு?"

"பன்னெண்டு."

"நானூற மட்டும் உட்டுட்டயாக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக்கூடாது. அவள் விறுவிறுவென்று கீழே இறங்கிவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. எதிரில் நான் உட்கார்ந்திருக்க, "அப்பா, அம்மாகிட்ட அந்தச் சட்னியக் கேளுங்க" என்பாள். அவர் கேட்பார். நான் அவரிடம் கொடுப்பேன். அவர் அவளிடம் கொடுப்பார். இட்லி ஆறிப்போகும்.

செவ்வாய்க்கிழமை மாலை நான் வேலை விட்டு வந்தபோது படிவத்தைத் தரையில் விரித்து நிரப்பிக்கொண்டிருந்தாள். "அசல் குறிப்பு வேணுமாமே" என்றேன். "சீட்ட நான் தூக்கிப் போட்டுட்டேன் சாமி. ஒண்ணுமே இல்லயே."

அப்போதுதான் நேராக என்னிடம் பேசினாள். "சீட்டு அசல் இல்ல. சீட்டு உனக்கு எழுதிக் குடுத்தது" என்றாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பாலிதீன் கவரை இழுத்தாள்.

உள்ளே பனியன் துணி நாடாக்கள். அவள் அப்பா கட்டிங்கிலிருந்து கொண்டு வரும் வேஸ்ட் துணி, நாங்கள் வண்டி துடைக்க வைத்திருப்பது. பட்டாம்பூச்சி கூட்டமாக வரும்போது குனிந்து எழுதினால் தலைக்கு மேலே பத்து போய்விடுமாம். அதனால் கண்ணை மேலேயே வைத்துக்கொண்டு இருபத்தைந்துக்கு ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறாள். கட்டிங்கில் இருபத்தைந்து பீஸ்தான் ஒரு பண்டல், அப்பாவிடம் பார்த்தது. பத்து நிமிடம் முடிந்ததும் மிச்சத்தையும் தேதியையும் நாடாவின் வாலில் பேனாவால் எழுதியிருக்கிறாள். கூட்டம் வந்த ஐந்து நாளுக்கு ஐந்து நாடா. மற்ற ஐந்து நாளுக்கு முடிச்சில்லாத துண்டு, தேதியும் எண்ணும் மட்டும்.

பன்னிரண்டாம் தேதி நாடாவை எடுத்தேன். மஞ்சள் நிறம். முடிச்சுகளை விரலால் தடவி எண்ணினேன். பதினாறு. வாலில் "+12". அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எங்கிட்டக் காட்டியிருக்கலாமே."

"நீ மாடிக்கே வந்திருக்கலாமே."

 நாடாக்களையும் படிவத்தையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கடைசிப் பத்தியில் அவள் என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை. கவரை அவளே ஒட்டினாள். அதில் என்னைப் பற்றி என்ன இருந்தாலும் சரி, எண்களை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மைதிலி


சென்னை
17 நவம்பர் 2025

அன்புள்ள மைதிலி,

மாதவன் முதலில் கவரைப் பிரித்துவிட்டு, "அக்கா, யாரோ வேஸ்ட் துணி அனுப்பியிருக்காங்க" என்று ஓரமாக வைத்துவிட்டான். இப்போது அவனே அதைத் தன் மேசையை விட்டு நகர்த்த விடமாட்டேன் என்கிறான்.

நாங்கள் இருவரும் தனித்தனியாக முடிச்சுகளை எண்ணினோம். ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்காமல், தாளில் எழுதி மடித்து வைத்துப் பிறகு பிரித்தோம். 47, 163, 388, 412, 205. அவளுடைய படிவத்தோடு ஐந்தும் பொருந்தின. முதல் தடவை சிவப்பு நாடாவில் மாதவன் ஒரு முடிச்சை விட்டுவிட்டு மறுபடி எண்ண வேண்டியதாயிற்று. ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் தோற்றதற்கு அன்றைக்கு டீ அவன் செலவு.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அருள்-7-23 திறந்துவிட்டது. பத்து நாள் பதிவுகளும் அவள் எண்களோடு நிற்கின்றன. பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டது" என்று பச்சைக் குறி. திருத்தம் நடந்ததும் தெரியும், யாரும் மறைக்கவில்லை. பள்ளியில் ஒட்டி வைக்கச் சொல்லி டீச்சருக்கு ஒரு வரைபடம் அனுப்பியிருக்கிறேன். காங்கேயத்திலிருந்து சோமனூருக்குப் போகிற கோட்டில் முன்பு நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. இப்போது அருள்புரத்தில் ஒரு புள்ளி இருக்கிறது, அதனடியில் அருள்-7-23 என்று அவள் கணக்கு எண்ணும் இருக்கிறது. பல்லடம் சாலையைப் பட்டாம்பூச்சிகள் தாண்டியது அந்தப் புள்ளியால்தான் தெரியும்.

கடைசிப் பத்தி. மற்றவர் எழுதியதைக் காட்டுவது வழக்கம் இல்லை. ஆனால் அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில், "இதை எங்கம்மாவுக்குச் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். அதனால் சொல்கிறேன். நாங்கள் அந்தப் பத்தியை வைத்து நான்கு வருசம் ஆகிறது. எல்லாரும் "கவனக்குறைவு" என்றுதான் நிரப்புவார்கள். உங்கள் மகள் எழுதியது இது:

"பதித்தவர்: அம்மா. காரணம்: என்னைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது என்று."

அதற்குக் கீழே எனக்கு ஒரு கேள்வி. "பெரியவர்கள் கணக்குத் தொடங்கலாமா? எங்கள் அம்மாவுக்கு ஒன்று வேண்டும். இல்லையென்றால் என்னுடையதில் கை வைப்பார்."

தொடங்கலாம். துணைக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு விதி. பெரியவர் பதிப்பதை அந்த வீட்டு மாணவர் ஒப்புதல் கொடுத்தால்தான் அது எங்கள் திரைக்கு வரும். உங்களுக்கான எண் அருள்-7-23-து. கடவுச்சொல்லை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டுமென்றால் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
நாகஜோதி


அருள்புரம்
24 நவம்பர் 2025

அன்புள்ள நாகஜோதி அக்காவுக்கு,

அக்கா என்று கூப்பிடலாம்தானுங்களே. கூப்பிட்டுவிட்டேன்.

அவள் எழுதிய அந்த வரியைக் கம்பெனியில் டீ டைமில் படித்தேன். எழுந்து போய்க் கழிவறையில் முகம் கழுவிவிட்டு வந்தேன். செக்கிங் டேபிளில் இருக்கும் கருத்தம்மா அக்கா, "என்ன மைதிலி, ஷிப்மென்ட் கேன்சலா?" என்றார். "இல்லீங்கக்கா, பாஸ் ஆயிருச்சு" என்றேன். வீட்டுக்குப் போனதும் இரண்டு முட்டை தோசை ஊற்றினேன். சாப்பாட்டை மட்டும் இன்னும் அப்பா வழியாகவே கேட்டுக்கொண்டிருந்தவள் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, தட்டை என்னிடமே நீட்டி, "இன்னொண்ணு" என்றாள். அவள் அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இனி என்ற வேல முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

வரைபடத்தை ஜெயபாரதி டீச்சர் அறிவியல் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார். வகுப்பில் அந்தப் பெயர் போய்விட்டது. புதுப் பெயர் வந்துவிட்டது. "எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்கிறார்களாம். அதுவும் பிடிக்கவில்லை என்கிறாள். ஆனால் வீட்டில் ஐந்து தடவை சொல்லிவிட்டாள்.

கடவுச்சொல்லைக் கேட்டேன். தரவில்லை. "மொதல்ல எண்ணு. அப்புறம் தர்றேன்" என்றாள்.

நேற்று ஞாயிறு. எட்டு இருபதுக்கு என்னை மாடியில் நிறுத்தினாள். தண்ணீர்த் தொட்டிக்கும் எதிர்வீட்டு செல்போன் டவருக்கும் நடுவில் பறந்து கடப்பவை மட்டும்தான் கணக்கு, பேசக்கூடாது, போனைப் பார்க்கக்கூடாது என்று விதி சொல்லிவிட்டுப் பின்னால் கைக்கடிகாரத்தோடு நின்றுகொண்டாள். என் வாழ்க்கையில் பத்து நிமிடம் சும்மா வானத்தைப் பார்த்து நான் நின்றதே இல்லை, அக்கா. குக்கரில் பருப்பு வைத்துவிட்டு வந்தேனே என்று ஒரு மனசு. மூன்று காக்கை போயிற்று. ஒரு பாலிதீன் பை போயிற்று. வெயில் கண்ணில் அடித்தது. நீங்கள் சொன்ன கறுப்பு நீலம் ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன போலிருக்கிறது. என் மகளின் தலைக்கு மேலே நானூற்றுப் பன்னிரண்டு போன அன்றைக்கு நான் கீழே சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் நெஞ்சில் இடித்தது.

ஒன்பதாவது நிமிடம் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி எங்கிருந்தோ வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தது. நான் அசையாமல் நின்றேன். அது பறக்கவில்லை. பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

"ஒண்ணுன்னு போட்டுக்கட்டுமா?" என்றேன்.

"உக்காந்திருந்துச்சு. கடந்து போனாத்தான் கணக்கு."

"கடைசீல றெக்கைய விரிச்சுதே. போறதுக்குத்தான் விரிச்சுது."

"அம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். கீழே வந்து அவள் அப்பாவின் போனை வாங்கிக் கடவுச்சொல்லை அவளே அடித்து, திரையைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். எண்ணிக்கை என்ற கட்டத்தில் விரலை வைத்தேன். முதல் நாள், முதல் பதிவு, யாராவது பார்ப்பார்கள் என்று பழைய பயம் வந்து எட்டிப் பார்த்தது. பூஜ்யம் என்று அடித்தேன். அழுத்தினேன்.

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். தேதி, நேரம், இடம், எண் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, எங்கள் கம்பெனிக்கு வரும் எந்தப் பையர் ஆளும் பார்க்காத அளவுக்குப் பார்த்தாள். பிறகு ஒப்புதல் கொடுத்தாள்.

உங்கள் திரைக்கு வந்திருக்கும், அக்கா. அந்தப் பூஜ்யம் நான் எண்ணியது.

அன்புடன்,
மைதிலி
அருள்-7-23-து